காயாத பிரதி

தோணிமுகத்தில், ஆறு கடலோடு கலக்கிற இடத்துக்குச் சற்று மேலே, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் தெருவில் குடியிருந்த தையல்நாயகி, தண்ணீரில் போன தன் மகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி முடித்து, தாள்களை அடுக்கி, மூலையில் ஓட்டை போட்டு, சணல் கோத்து முடிச்சிட்டு, அலமாரிக்குள் வைத்துவிட்டுப் படுத்தாள். காலையில் எழுந்து பார்த்தபோது அலமாரியின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, கூடத்தைத் தாண்டி, சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றி, வாசல்படியில் வழி கண்டுபிடித்துத் தெருவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

அவள் புருஷன் கலியமூர்த்தி விசைப்படகுகளுக்கு இஞ்சின் வேலை பார்க்கிறவன். ஒழுகுகிறது என்றால் எங்கேயிருந்து என்று தேடாமல் அவனால் இருக்க முடியாது. கூரையைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், சுவரைத் தட்டிப் பார்த்தான், கடைசியில் அலமாரியைத் திறந்து தாள்கட்டை எடுத்துச் சாய்த்துப் பிடித்தான். இளநீரைச் சாய்த்தது மாதிரி கொட்டியது.

"இதுலேர்ந்துதான் வருது" என்றான்.

தையல்நாயகி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கடல் தண்ணீர் மாதிரி கரிக்கவில்லை, ஆற்றுத் தண்ணீர் மாதிரி சப்பென்றும் இல்லை. "நம்ம துறைத் தண்ணிங்க" என்றாள். அவன் கொல்லைக்குப் போய், சோறு வடித்துக் கொட்டுகிற பெரிய அலுமினிய அன்னக்கூடையை எடுத்துவந்து கூடத்தின் நடுவில் வைத்தான்; அவள் தாள்கட்டை அதில் வைத்தாள். எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. ஆழமில்லாத நீரில் கிளிஞ்சல்கள் தெரிவதுபோல ஒவ்வொரு வரியும் அடியில் கிடந்து தெளிவாகத் தெரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழை கொட்டிய ஒரு காலையில், அக்கரைக்குப் போன பயணப் படகு நடு ஆற்றில், இறங்கி வரும் வெள்ளமும் ஏறி வரும் கடலும் முட்டிக்கொள்கிற இடத்தில் கவிழ்ந்தது. அதில் போன ஒருவரும் திரும்பவில்லை. சந்தைக்குப் போனவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், படிக்கப் போனவர்கள், அவர்களோடு தையல்நாயகியின் ஒரே மகள், அக்கரையில் நர்சிங் படித்த தமயந்தி. படகை ஓட்டிய நாகலிங்கமும் போய்விட்டான். அவன் குடித்திருந்தான், கூலிக்கு ஆசைப்பட்டு ஆளை அடைத்து ஏற்றினான் என்று ஊர் சொன்னது. எப்படித் தெரியும் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கோபப்படுவதற்கு ஆள் இல்லாமல் போய்விடும். செத்தவனைத் திட்டித் தீராததால் அவன் மனைவி பவுனிடம் மீன் வாங்குவதை நிறுத்தினார்கள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு தன் பெயர் தெரியாத ஊர்களுக்கு நடந்துபோய் விற்றுவிட்டு வந்தாள்.

ஐஸ் கம்பெனியில் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை பார்த்த தையல்நாயகி அதுவரை எதுவும் எழுதியவள் இல்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் நின்றுபோன பிறகு, மகளைப் பற்றிப் பேச வீட்டில் ஆள் இல்லை. கலியமூர்த்தி அந்தப் பெயர் காதில் விழுந்தாலே எழுந்து வெளியே போனான். பேச முடியாததை அவள் எழுதினாள். அவ்வளவுதான். எழுதி முடித்ததும் தண்ணீர் வந்தது.

வெயிலையும் மழையையும் ஏற்றுக்கொள்வது போலத்தான் ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. முதலில் கொசு ஒழிப்புக்காரர்கள் வந்து, மூடாமல் தண்ணீர் வைத்திருக்கக் கூடாது என்று கண்டித்து, அன்னக்கூடையில் மருந்து ஊற்றிவிட்டுச் சுவரில் தேதி எழுதிப் போனார்கள். பிறகு கோயில் குருக்கள் வந்து இது தீர்த்தம் இல்லை, அதனால் காலில் படலாம் என்று சொன்னார். பள்ளிவாசல் மோதினார் வந்து இது சுத்தமான தண்ணீர்தான், அதனால் காலில் படாமல் பார்த்துக்கொள்வது நல்லது என்று சொன்னார். இரண்டு பேரும் அடுப்படியில் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு ஒன்றாகவே நடந்து போனார்கள். அலை ஏறுகிற வேளையில் தாள்கட்டு அதிகமாகச் சுரந்தது, வற்றுகிற வேளையில் குறைந்தது என்பதைக் கண்டுபிடித்த வலைக்காரர்கள், கடற்கரைக்குப் போய்ப் பார்ப்பதற்குப் பதிலாக அவள் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்து, "எவ்வளவு இருக்கு?" என்று கேட்டு, அதன்படி படகு இறக்கினார்கள். மூன்றாவது அத்தியாயத்திலிருந்து ஒரு சின்ன நண்டு இறங்கி வந்து கூடத்தில் பக்கவாட்டில் நடந்து பழகியது. எதிர்வீட்டுப் பூனை அதைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தது.

அப்புறம்தான் தாய்மார்கள் வர ஆரம்பித்தார்கள். படகில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள். முதலில் வந்தவள் அடுத்த தெரு பாக்கியம். அவள் மகன் தினகரன் அக்கரை ஐடிஐயில் வெல்டிங் படித்தவன். அவள் ஒரு டம்ளரை எடுத்துவந்து, தண்ணீரை மொண்டு, முகத்துக்குப் பக்கத்தில் வைத்து மோந்து பார்த்தாள். "எம்புள்ள தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசம் அடிக்குது தையலு" என்றாள். தையல்நாயகிக்கு அந்த வாசம் தெரியவில்லை. ஆனால் பாக்கியத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாக்கா" என்றாள். அன்றையிலிருந்து காலையில் வாசல் தெளிக்கிற நேரத்தில் ஒவ்வொருத்தியாக டம்ளரோடு வந்து, ஆளுக்குக் கொஞ்சம் மொண்டு, அங்கேயே கூடத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, ஒருத்திக்குச் சோப்பு வாசம், ஒருத்திக்கு மழையில் நனைந்த யூனிஃபார்ம் வாசம், ஒருத்திக்கு வெறும் சேறு என்று அவரவர்க்குக் கிடைத்ததை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, வெயில் ஏறியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

தாய்மார்கள்தான் அதைப் புத்தகமாகப் போடச் சொன்னார்கள். புத்தகமானால் ஆளுக்கு ஒன்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், தினம் டம்ளரோடு நடக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் எண்ணம். தையல்நாயகி தாள்கட்டை ஒரு பிளாஸ்டிக் வாளியில் வைத்து மூடிபோட்டு, பஸ் ஏறி, கும்பகோணத்தில் பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் சின்னதாகப் பதிப்பகம் நடத்திய ரஹ்மத்தைப் பார்க்கப் போனாள். ரஹ்மத் அவளைவிட வயதில் சின்னவள். அச்சுக்குப் போகிற எல்லாவற்றையும் ஒரு எழுத்து விடாமல் படித்துக் கண்ணாடி தடித்துப்போனவள். வாளியின் மூடியைத் திறந்து பார்த்தாள்; மேஜை மேல் இருந்ததை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஓட்டல் தட்டு மாதிரி அகலமான ஒன்றைப் போட்டு, அதில் தாள்கட்டை வைத்து, ஈரத்தில் ஒட்டிய தாள்களை நகத்தால் பிரித்துப் பிரித்து, மத்தியானம் வரைக்கும் வாசித்தாள். நடுநடுவே தட்டைத் தூக்கி ஜன்னல் வழியாகத் தண்ணீரைக் கொட்டினாள். கீழே பாத்திரக் கடைக்காரர் ஒருமுறை அண்ணாந்து பார்த்துச் சத்தம் போட்டார்.

"அக்கா, ஈரப் பிரதியை அச்சுக்குக் கொடுக்க முடியாது" என்றாள் ரஹ்மத். "மெஷின்காரர் வாங்க மாட்டார்."

"டைப் அடிக்கக் கொடுத்துப் பார்த்தேம்மா. கீபோர்டு நனைஞ்சு போச்சு. டைப் கடைத் தம்பி பாலிதீன் கவர் போட்டு அடிச்சுக் கொடுத்தாரு. பிரிண்ட் எடுத்தா அதுவும் ஒழுகுது."

"ஒழுகத்தான் செய்யும். இன்னும் முடியலைல்ல."

"முடிச்சுட்டேனே."

"எழுதி முடிச்சிருக்கீங்க" என்று சொல்லி ரஹ்மத் கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு அவள் சொன்னதை எல்லாம் தையல்நாயகி பஸ்ஸில் திரும்பி வரும்போது வாளியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். வேற ஆளுக்குக் காட்டுறதுக்கு முன்னாடி சத்தம் போட்டு வாசிங்க, நாக்கு எங்க தடுக்குதோ அங்க நீங்க நம்பாததை எழுதியிருக்கீங்க. உங்கமேல பிரியம் உள்ளவங்க நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க, உங்களப் பிடிக்காத ஒருத்தர்கிட்ட கொடுங்க. முதல் அத்தியாயத்துல அழுதுருக்கீங்க, அத எடுத்துடுங்க, படிக்கிறவங்களுக்கு அவளத் தெரியறதுக்கு முன்னாடி அழச் சொன்னா யாரு அழுவா. 'கண்ணீர்க் கடல்'னு பேரு வேணாம்க்கா, உள்ள ஏற்கெனவே போதுமான தண்ணி இருக்கு. பின்னட்டைக்கு நாலு வரி எழுதிட்டு வாங்க. எழுத வரலைன்னா புஸ்தகம் எதப் பத்தினு உங்களுக்கே இன்னும் தெரியலைன்னு அர்த்தம்.

கிளம்பும்போது மாடிப்படி வரைக்கும் வந்து ரஹ்மத் கடைசியாக ஒன்று சொன்னாள். "அந்தப் படகுக்காரர் அத்தியாயம் இருக்குல்ல, அதுதான் இதுலயே நல்லா எழுதின இடம். அதனாலதான் சொல்றேன். யார்மேல கோபமோ அவங்களப் பத்தி எழுதுறப்ப கை தானா ஓடும். அவரோட ஆளுங்க யாராவது உயிரோட இருக்காங்களா?"

"பெண்டாட்டி இருக்கா."

"அவங்க காதுல முதல்ல போடுங்க. அச்சானதுக்கப்புறம் ஒரு கமாவக்கூட எடுக்க முடியாது."

"அப்படிச் செஞ்சா காஞ்சுடுமா?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. காயலைன்னாலும் செய்ய வேண்டியதுதான் இது."

தையல்நாயகி சத்தம்போட்டு வாசிக்க ஆரம்பித்தாள். காலையில் தாய்மார்கள் சுவரோரம் உட்கார்ந்து கேட்டார்கள். கலியமூர்த்தி கொல்லையில் இஞ்சின் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவுகிறவன் மாதிரி, கழுவி முடித்த போல்ட்டையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தான். நாக்கு தடுத்த இடங்களை அவள் அடித்தாள். மகள் சொல்லாத பெரிய வார்த்தைகளை எல்லாம் எடுத்தாள். தமயந்தி அன்பானவள் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, தமயந்தி ஊசி போடப் பழகுவதற்காக வீட்டில் இருந்த எல்லாக் கத்தரிக்காயையும் குத்திவைத்து, அந்த வாரம் முழுக்கக் குழம்பில் ஓட்டைக் கத்தரிக்காய் மிதந்ததை எழுதினாள். கொல்லையில் போல்ட் கழுவுகிற சத்தம் அப்போது நின்றது. தாள்கட்டு பாதியானது. ஆனால் தண்ணீர் குறையவில்லை.

படகுக்காரர் அத்தியாயத்தை வாசித்தபோது மட்டும் நாக்கு ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. துறைக் கொட்டகையில் வைத்து அதை வாசிக்கச் சொல்லி ஊரே கேட்டது. கள் நாற்றத்தோடு நாகலிங்கம் சிரிக்கிற சிரிப்பு, சில்லறைக்காக ஏந்துகிற உள்ளங்கை, முங்குகிற அளவுக்குப் படகு இறங்கிய பிறகும் "இன்னும் ரெண்டு பேரு ஏறலாம்" என்று அவன் கூப்பிடுகிற குரல் எல்லாம் அதில் அப்படியே இருந்தன. கேட்டவர்கள் பல்லைக் கடித்தார்கள். முடிந்ததும் பாக்கியம் எழுந்துவந்து தையல்நாயகியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த அத்தியாயத்திலிருந்துதான் தண்ணீர் அதிகமாக வந்தது. அது மட்டும் கலங்கலாக வந்தது.

பின்னட்டைக்கு நாலு வரி எழுத உட்கார்ந்தாள், வரவில்லை. ஒரு வரி எழுதுவாள், அது நனைந்து சுருளும். அப்படிச் சில நாள் பார்த்துவிட்டு, ஐஸ் கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லி, அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் தூக்குவாளியில் போட்டு எடுத்துக்கொண்டு, இறால் குட்டைகளைத் தாண்டி ஊர்க்கோடியில் இருந்த பவுனின் வீட்டுக்குப் போனாள். தன்னைப் பிடிக்காத ஆள் என்று யோசித்தபோது, பிடிக்காமல் இருக்க உரிமையுள்ள ஆள் அவள் ஒருத்திதான் என்று பட்டது. இரண்டு வருஷத்தில் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

பவுன் கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, கீறின மீனை உப்பில் புரட்டிப்போட்டாள். "ஒம்புஸ்தகம் ஒழுகுதாமே" என்றாள்.

"ஆமா பவுனு. அதுல ஒம்புருஷனப் பத்தி எழுதியிருக்கேன். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒனக்குப் படிச்சுக் காட்டணும்."

"எல்லாரும் கேட்டாச்சு. நான் ஒருத்திதான் பாக்கி. படி."

உட்காரச் சொல்லாததால் தையல்நாயகி நின்றுகொண்டே வாசித்தாள். கொட்டகையில் அவ்வளவு சரளமாக வந்த வாசகங்கள், கத்தியோடு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணின் முன்னால் ஒவ்வொன்றாக நின்று நின்று வந்தன. தாளிலிருந்து சொட்டிய தண்ணீர் மண்தரையில் ஓடி மீன் செதிள்களை அடித்துக்கொண்டு போனது. பவுன் கீறுவதை நிறுத்தவில்லை. முடிந்ததும் கத்தியை வைத்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. அந்தச் சிரிப்பு அவரு சிரிப்புதான். குடிக்கிறதும் நெசந்தான்." கையில் ஒட்டிய செதிளைத் தட்டிவிட்டாள். "அன்னைக்குக் குடிக்கல. மூணு நாளா வயித்துவலி. நான்தான் துறைக்குக் கஞ்சி கொண்டுட்டுப் போனேன்."

"அப்போ நீ அங்க இருந்தியா?"

பவுன் வேறு மீனை எடுத்தாள். "விடு. இதையே போட்டுக்க. எனக்கு ஆட்சேபணை இல்லன்னு எழுதிக்க."

"தப்பு இருந்தாச் சொல்லு பவுனு. அச்சாயிட்டா மாத்த முடியாது."

"மாத்த வேணாம்னுதான் சொல்றேன்."

"என்னைப் பார்த்துச் சொல்லு."

பவுன் அவளைப் பார்த்தாள். பார்த்தபடியே, கையில் மீனை வைத்துக்கொண்டு, குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னாள்.

"கயித்த அவுத்து இஞ்சினும் போட்டாச்சு. கரைக்கோடித் தென்னமரம் நேருக்குப் படகு போயிடுச்சு. கூட்டந்தான், இல்லைங்கல. அடுத்த படகு ஓடலன்னு எல்லாரும் ஏறிட்டாங்க. ஆனா கடல் ஏத்தம் வர்றதுக்குள்ள அக்கரைக்குப் போயிருப்பாரு, தெனமும் போறவருதானே. அப்பத்தான் ஒம்பொண்ணு ஓடி வந்துச்சு. மழையில செருப்பக் கையில புடிச்சுக்கிட்டு. 'மாமா, பரீட்சை மாமா!'ன்னு ஒரு சத்தம். ஒரே சத்தந்தான். இவரு இஞ்சின அமத்தினாரு. உள்ள இருந்தவங்க நேரமாச்சுன்னு கத்துறாங்க. 'பரீட்சைங்குது, விட்டுட்டுப் போறதா'ன்னுட்டுத் திருப்பினாரு. கரையில கொண்டாந்து அணைச்சு, கையக் கொடுத்து, 'ஏறும்மா, பார்த்து'ன்னாரு. அது ஏறிச்சு. என்னைப் பார்த்துச் சிரிச்சுச்சு. அவ்வளவுதான். அந்தத் திருப்பினதுல நேரம் போயிடுச்சு, ஏத்தம் முன்னாடி வந்துடுச்சு."

தூக்குவாளி தையல்நாயகியின் கையிலிருந்து நழுவி மண்ணில் உட்கார்ந்தது.

"இத ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா என்னாகும்? அவரு மேல விழுற பழி அது மேல விழும். எனக்கு வாயிருக்கு, நாலு வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை திருப்பிக் கேப்பேன். செத்த புள்ள என்னத்தக் கேக்கும்?" பவுன் மீனை உப்பில் புரட்டினாள். "போ தையலு. வெயிலு ஏறுது."

வீட்டுக்கு வந்து அவள் கலியமூர்த்தியிடம் சொன்னாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவன் மகள் பேச்சைக் கேட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தான். முழுக்கக் கேட்டுவிட்டு, "அத எழுதப்போறியா?" என்றான்.

"ஆமாங்க."

"ஊரு பூராவும் நம்ம புள்ளையத் திட்டும்."

"இப்போ பவுனத் திட்டுது."

"அவ உசுரோட இருக்கா. தாங்கிக்குவா."

"நாமளும் உசுரோடதாங்க இருக்கோம்."

அவன் அவளை அடிக்கப்போகிறவன் மாதிரி எழுந்தான். பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அன்னக்கூடைக்குள் விட்டு, தண்ணீரை அளைந்துகொண்டே நின்றான். "அது பரீட்சைக்குப் போச்சு. வேற என்ன பண்ணுச்சு? பரீட்சைக்குத்தானே போச்சு" என்று தண்ணீரிடம் சொல்வது மாதிரி சொன்னான். வேண்டாம் என்று அதற்குப் பிறகு அவன் சொல்லவில்லை. சரி என்றும் கடைசிவரைக்கும் சொல்லவில்லை.

அவள் ரஹ்மத்துக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். "எழுத்துப் பிழைன்னா நான் திருத்துவேன்க்கா. இது நீங்க முடிவு பண்ண வேண்டியது" என்றாள் ரஹ்மத்.

அந்த அத்தியாயத்தைத் திருப்பி எழுதுவதற்குள் மழைக்காலம் வந்து போய்விட்டது. முதல் தடவை எழுதியதில் நாகலிங்கம் சாமியாகிவிட்டான், சத்தம்போட்டு வாசித்தால் நாக்கு தடுத்தது, கிழித்தாள். அடுத்த தடவை மகள் மேல் கோபம் வந்து, ஏன்டி ஓடினே, ஒரு பரீட்சை போனால் போகட்டும் என்று இருக்கக்கூடாதா என்று எழுதி, அழுது, அதையும் கிழித்தாள். பிறகு ஒருநாள் மத்தியானம், கம்பெனியில் கரண்ட் இல்லாமல் அனுப்பிவிட்ட நாளில், பவுன் எப்படிச் சொன்னாளோ அப்படியே, குரலை ஏற்றாமல் இறக்காமல், யாரையும் திட்டாமல், யாரையும் காப்பாற்றாமல் எழுதினாள். கடைசி வரியில் புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது வீட்டில் என்னவோ குறைந்த மாதிரி இருந்தது. எது என்று தெரியாமல் எழுந்து சமையலறைக்குப் போய்வந்தாள். பிறகுதான் புரிந்தது, சொட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

சாயங்காலத்துக்குள் தாள்கள் அப்பளம் மாதிரி காய்ந்து, ஓரங்களில் உப்புப் பூத்து நின்றன. நண்டைக் காணவில்லை, பூனை கொஞ்சநேரம் தேடிவிட்டு வேறு வீட்டுக்குப் போனது. மறுநாள் காலையில் டம்ளரோடு வந்த தாய்மார்கள் வெறும் அன்னக்கூடையைப் பார்த்துவிட்டு, ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு, வாசலிலேயே நின்றார்கள். பாக்கியம் மட்டும் உள்ளே வந்து, கூடையின் அடியைக் கையால் துடைத்து, அந்தக் கையை மோந்து பார்த்தாள். "புஸ்தகம் வந்தா வரும்ல?" என்று கேட்டாள். தையல்நாயகியால் பொய் சொல்ல முடியவில்லை. "தெரியலக்கா" என்றாள். அன்று அவள் கூடத்தில் காய்ந்த தரையில் உட்கார்ந்து, மகளை இரண்டாவது தடவையும் தண்ணீரில் விட்டுவிட்டவள் மாதிரி, சத்தமில்லாமல் வெகுநேரம் அழுதாள். பின்னட்டைக்கு வேண்டிய நாலு வரி அதற்கப்புறம் ஒரே மூச்சில் வந்தது.

ரஹ்மத் மெய்ப்புத் திருத்தி, ரகர றகரங்களை எல்லாம் சரிசெய்து, அட்டைக்கு ஆளில்லாத துறையின் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடைசியில் போனில் கேட்டாள். "சமர்ப்பணம் யாருக்குக்கா? மகளுக்குத்தானே?"

"படகுல இருந்த எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா?"

"ஓட்டினவருக்கும் சேர்த்துத்தான்."

புத்தகக் கட்டுகள் பஸ்ஸில் வந்தன. கலியமூர்த்தி போய் இறக்கித் தோளில் சுமந்துவந்து கூடத்தில் வைத்தான். ஒன்றையும் பிரித்துப் பார்க்கவில்லை. தையல்நாயகி ஒவ்வொரு தாயின் வீட்டுக்கும் அவளே போய்க் கொடுத்தாள். அவர்கள் வாங்கியதும் முதலில் மோந்து பார்த்தார்கள். மையும் பசையும் தவிர வேறு வாசம் இல்லை. அதற்குப் பிறகு படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் படிக்கவைத்துக் கேட்டார்கள். அந்த வாரம் முழுக்கத் தெருவில் பேச்சுச் சத்தம் குறைவாக இருந்தது.

ஒரு காலையில் பாக்கியம் வந்தாள். புத்தகத்தை வாசல்படியில் வைத்தாள். "ஒம்பொண்ணுக்கு அன்னைக்குப் பரீட்சை" என்றாள். "எம்புள்ளைக்கு அன்னைக்கு ஒண்ணுமில்ல தையலு. சும்மாத்தான் போனான்." அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தையல்நாயகி ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். கோபம் இல்லை. பாக்கியம் திரும்பிப் போனாள், பிறகு அந்த வீட்டுப் பக்கம் வரவே இல்லை. ஒவ்வொருவராக மற்றவர்களும் நின்றுபோனார்கள். குழாயடியில் தையல்நாயகி குடத்தை வைத்தால் பக்கத்தில் இருக்கிற குடம் நகர்ந்தது. கம்பெனியில் சீட்டு வாங்க வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார்கள். கலியமூர்த்தியிடம் இஞ்சின் வேலை கொடுக்கிறவர்கள் கொடுத்தார்கள், ஆனால் வேலை முடிந்ததும் டீ குடிக்கக் கூப்பிடவில்லை. யாரும் தமயந்தியைத் திட்டியது அவர்கள் காதில் விழவில்லை. திட்டாமல் இருக்கிறார்கள் என்பதுதான் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதே ஊரில் பவுனிடம் மீன் வாங்க ஆரம்பித்தார்கள். மன்னிப்பு எதுவும் இல்லை, ஒருத்தி கூப்பிட்டாள், விலை கேட்டாள், வாங்கினாள், மறுநாள் இன்னொருத்தி. பவுனும் ஒன்றும் கேட்கவில்லை. எடைக்கு எடை போட்டுக் கொடுத்தாள்.

ஒருநாள் மத்தியானம், தெருவில் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்த நேரத்தில், பவுன் கூடையோடு ஐஸ் கம்பெனித் தெருவுக்குள் வந்து, நடுத்தெருவில் நின்று, முக்கு வரைக்கும் கேட்கிற மாதிரி, "தையலு! தையலோய்! மீனு கொண்டாந்திருக்கேன், சட்டிய எடுத்துட்டு வா!" என்று கூப்பிட்டாள். தையல்நாயகி வெளியே வந்தாள். எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். பவுன் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூடையை இறக்கி, காலை நீட்டி அந்த வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நீ புஸ்தகம் கொடுக்கலியா?"

"கொடுக்க பயமா இருந்துச்சு பவுனு. நீ மாத்தி எழுத வேணாம்னு சொன்ன."

"சொன்னேன். நீ எழுதிட்ட." மீன் கையை முந்தானையில் துடைத்தாள். "படி. அவரு வர்ற எடத்தப் படி."

தையல்நாயகி உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தியாயத்தைத் தேடி எடுத்து, சத்தம்போட்டு வாசித்தாள். மழை, கஞ்சித் தூக்கு, கூட்டம், அவிழ்ந்த கயிறு. தென்னமரத்து நேருக்குப் போன படகு. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவருகிற பெண், ஒரே ஒரு சத்தம். அமர்ந்துபோன இஞ்சின். கத்துகிற ஜனம். திரும்புகிற படகு. கொல்லையிலிருந்து கலியமூர்த்தி எப்போது வந்தானோ, கதவுக்குப் பின்னால் அவன் நிழல் தரையில் விழுந்திருந்தது. படகு கரையில் வந்து அணைந்தது. அவர் கையை நீட்டினார். "ஏறும்மா, பார்த்து" என்றார். அவள் ஏறி, கரையில் நின்றவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"அதோட நிறுத்து" என்றாள் பவுன்.

தையல்நாயகி நிறுத்தினாள். தெருவில் யாரோ குடத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"மொதல்லேர்ந்து படி" என்றாள் பவுன். "இங்க வந்ததும் நிறுத்திடு."

தையல்நாயகி பக்கத்தைப் பின்னால் திருப்பி, மழை பெய்கிற இடத்திலிருந்து மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தாள்.